பூவிலேயே குத்தகையா, ஆலை வாசலில் டோக்கனா? கிருஷ்ணகிரி பெங்களூராவை விற்க நான்கு வழிகள்

தை மாதம் மாமரங்கள் பூவெடுத்ததும் எங்கள் ஊருக்குள் வியாபாரிகளின் பைக் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். தோப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து, அண்ணாந்து பார்த்து, ஒரு தொகையைச் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அப்பா சொல்லும் "சரி"யோ "வேண்டாம்"மோதான் எங்கள் வீட்டின் அந்த வருடம்.

காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையில் எங்களுக்கு 4 ஏக்கர். பழைய முறைப்படி 10 மீட்டர் இடைவெளி விட்டு நட்ட 160 மரங்கள். அதில் 120 பெங்களூரா, மீதி செந்தூராவும் நீலமும். நான் வணிக மேலாண்மை படித்தேன். கடைசி ஆண்டு ஆய்வறிக்கைக்கு இந்த மாங்காய் வியாபாரத்தையே எடுத்துக்கொண்டேன். அப்போது எழுதிய சில முடிவுகளை இன்று மாற்றிக்கொண்டுவிட்டேன். ஏன் என்பதும் இதில் வரும்.

முதலில் பெங்களூராவைப் பற்றி. கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்லும் அதே காய்தான். நன்றாகக் காய்க்கும், தோல் தடிப்பு, அடிபட்டாலும் தாங்கும். ஆனால் அல்போன்சாவையோ இமாம் பசந்தையோ தேடி வாங்குவதுபோல் வீட்டில் நறுக்கிச் சாப்பிட இதைத் தேடி வாங்குகிறவர்கள் குறைவு. இது ஆலைக்கான காய். இந்தியாவில் மாங்கூழ் ஆலைகள் கூட்டமாக இருக்கும் முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று ஆந்திராவின் சித்தூர், இன்னொன்று நம் கிருஷ்ணகிரி. நம் காயின் விலையை நிர்ணயிப்பது ருசி அல்ல, அந்த ஆலைகளின் கிடங்கில் போன வருடத்துக் கூழ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான். கிருமி நீக்கிப் பையில் அடைத்து டிரம்மில் வைத்த கூழ் ஒன்றரை வருடத்துக்கு மேலும் கெடாது. ஆலைக்கு அது பலம். ஒரு வருடம் காய் எடுக்காமல் பழைய சரக்கை வைத்தே ஓட்டிவிட முடியும். மரத்தில் பழுக்கும் காய்க்கோ பத்து நாள்கூட அவகாசம் கிடையாது.

2025-ல் நடந்தது இதுதான். பெங்களூரா கிலோ 5 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அந்த ஜூன் மாதம் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளி மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரத் தடை போட்டது. தமிழ்நாட்டுக் காய்க்கும் கர்நாடகக் காய்க்கும் ஒரே அடி. ஆந்திர அரசு தன் விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது: ஆலை 8, அரசு 4. எல்லைக்கு அந்தப் பக்கம் 12, இந்தப் பக்கம் 5. அந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்ப்போம்.

குத்தகை

தோப்பின் காய் முழுவதையும் ஒரே தொகைக்கு வியாபாரியிடம் விடுவது இது. பூவில் விடலாம், பிஞ்சு பிடித்த பிறகு விடலாம், இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்தும் விடலாம். மருந்தடிப்பு, காவல், பறிப்பு எல்லாம் குத்தகைக்காரர் பாடு. தத்துப்பூச்சி பூவைக் கருக்கினாலும், இலைப்பேன் பிஞ்சைச் சொறியாக்கினாலும், சித்திரைக் காற்றில் பாதி காய் உதிர்ந்தாலும் நஷ்டம் அவருக்கு. தோப்பில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு, பிள்ளைகள் ஓசூரில் வேலைக்குப் போய்விட்ட வீட்டுக்கு, இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை. "ஏமாளிதான் குத்தகைக்கு விடுவான்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கைக்கு வரும் பணம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், அதற்குள் நம் அபாயத்துக்கான காப்பீடும் அடங்கியிருக்கிறது.

ஆனால் அந்தக் காப்பீடு முழுப்பணமும் வந்தால்தான் காப்பீடு. 2025-ல் பக்கத்துத் தோப்புக்காரர் அதை அனுபவித்தார். முன்பணம் கொடுத்த வியாபாரி, விலை விழுந்ததும் திரும்பியே வரவில்லை. காயை அவர் பறிக்கவும் இல்லை, பேச்சு அவருடன் முடிந்திருந்ததால் வேறு ஆளுக்கு விடவும் பத்து நாள் தயக்கம். அதற்குள் பாதி தரையில். விலை ஏறினால் லாபம் வியாபாரிக்கு, விழுந்தால் மீதித்தொகை நமக்கு இல்லை. இப்படி ஓடினால் அது குத்தகையே அல்ல.

இன்னொன்று மரம். பல வருடக் குத்தகையில் நான் பயப்படுவது இதற்குத்தான். மாமரம் ஒரு வருடம் அள்ளிக் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும். மூன்று வருடம் மட்டும் தோப்பை வைத்திருப்பவருக்கு அந்த ஓய்வு நஷ்டம். அதனால் பாக்லோபியூட்ரசால் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தை வேரில் ஊற்றி வருடா வருடம் பூக்க வைப்பார். அளவோடு, உரமும் தண்ணீரும் கொடுத்துச் செய்தால் அது வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் முறைதான். கணக்கில்லாமல் ஊற்றினால் துளிர் குறுகும், மரம் களைக்கும். அறுவடை முடிந்ததும் செய்ய வேண்டிய கவாத்தும் நடக்காது. மூன்று வருடம் கழித்துத் தோப்பு நம் கைக்கு வரும்போது, வாங்கிய தொகையில் ஒரு பங்கை மரத்தைத் தேற்றவே செலவழிக்க வேண்டியிருக்கும்.

மண்டி

இதில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பெங்களூராவை மண்டிக்குக் கொண்டுபோவது வீண் அலைச்சல். நேரடியாக ஆலைக்குப் போகக்கூடிய காயை இன்னொருவர் கை வழியாக அனுப்பி, கமிஷனும் கழிவு எடையும் கொடுப்பதற்குச் சமம். எங்களுக்கு ஒருமுறை கமிஷன் 10 சதவீதம், எடைக் கழிவு தனி. ஆனால் செந்தூரா, அல்போன்சா, இமாம் பசந்த் இருந்தால் கதை வேறு. அங்கே தரம் பிரித்து, சாக்கில் அல்லாமல் கிரேட்டில் அடுக்கி, காலை ஏலத்துக்குக் கொண்டுபோனால் அதற்கான விலை கிடைக்கிறது. எங்கள் செந்தூராவை இப்படித்தான் விற்கிறோம்.

ஆலை வாசல்

ஊரில் ஜூஸ் கம்பெனி என்பார்கள். நாமே பறித்து, நாமே லாரி பிடித்து, நாமே வாசலில் நிற்பது. இடைத்தரகர் இல்லை என்றதும் மாணவனாக எனக்கு இதுதான் நியாயமான வழியாகத் தெரிந்தது. அப்புறம் ஒரு சீசன் முழுக்க நானே லாரியோடு போனேன்.

டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். கூழ் எடுக்கும் சீசன் ஏறத்தாழ இரண்டு மாதம்தான், எல்லோருடைய காயும் ஒரே நேரத்தில் முதிர்கிறது. ஒன்றரை நாள் காத்திருந்தோம். லாரிக்குக் காத்திருப்பு வாடகை, வெயிலில் காய் சுருங்கி எடை இழப்பு. உள்ளே போனதும் பழுத்தது, அழுகல், சிறுத்தது என்று கழிப்பார்கள். கசப்பானது எது என்றால், வண்டி கிளம்பும்போது சொன்ன விலையும் எடை போடும்போது இருந்த விலையும் ஒன்றாக இல்லை. திரும்பி வா என்றால் எங்கே திரும்புவது? 10 டன் காயோடு பேரம் பேச முடியாது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது எங்கள் தோப்பின் கணக்கு, உங்கள் எண்களை இட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 120 பெங்களூரா மரம், மரத்துக்கு 100 கிலோ என்று வைத்தால் 12 டன். மருந்து, உரம், உழவு 45,000 ரூபாய். பறிப்புக் கூலியும் லாரியும் கிலோவுக்கு இரண்டரை ரூபாய் வீதம் 30,000. ஆக மொத்தச் செலவு 75,000.

கிலோ 5 ரூபாய்க்குப் போனால் வரவு 60,000. கையை விட்டு 15,000 போகிறது. 12 ரூபாய்க்குப் போனால் வரவு 1,44,000, மிச்சம் 69,000. இதே 120 மரத்துக்குக் குத்தகைக்காரர் சொன்ன தொகை 70,000, நமக்குச் செலவே இல்லாமல்.

அதாவது ஆந்திர விவசாயிக்கு அரசு தலையிட்டுக் கொடுத்த அந்த 12 ரூபாய், எங்கள் தோப்பில் குத்தகைக்குச் சமமாக வருகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் விலை போனால்தான் ஆலை வாசலில் நின்றதற்குக் கூலி. இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவுக்கு மேலாண்மை தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்க்காமலேயே அவர் இதே முடிவுக்கு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

நாமே கூழ் எடுத்தால்?

என் ஆய்வறிக்கையின் முடிவுரை இதுதான்: விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து சொந்த ஆலை வைக்க வேண்டும். பாராட்டும் கிடைத்தது. உதவிகளுக்கும் அப்போது குறைவில்லை. 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் 10,000 உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தில், சமவெளியில் 300 பேர் சேர்ந்தால், உறுப்பினர் போடும் பங்குப் பணத்துக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்தில் 18 லட்சம் வரை. வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை.

நான் யோசிக்காமல் விட்டது, இயந்திரம் வாங்கிய பிறகு வரும் பணத்தேவை. ஒரு டன் கூழுக்கு ஏறத்தாழ இரண்டு டன் காய் வேண்டும். உறுப்பினர்களிடம் 500 டன் காயை கிலோ 10 ரூபாய்க்கு எடுத்தால், ஜூன், ஜூலை இரண்டே மாதத்தில் 50 லட்சம் ரூபாய் கொடுத்தாக வேண்டும். டின், டிரம், மின்சாரம், கூலி தனி. கூழ் விற்றுப் பணம் வருவதோ வருடம் முழுக்கத் துளித்துளியாக. உறுப்பினருக்கு ஆனியில் பணம் தேவை, நிறுவனத்துக்கு மார்கழியில்தான் பணம் வரும். இடையில் வியாபாரி ரொக்கத்தோடு வந்து நின்றால், பங்குதாரரே தன் காயை வெளியே விற்றுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டாவது சிக்கல், இரண்டு மாதம் ஓடி பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் ஆலை. கொய்யா ஓட்டலாம். ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைகளில் விலை விழுந்து தக்காளியை ரோட்டோரம் கொட்டும் நாட்களில் அதையும் எடுக்கலாம் என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் தக்காளியைச் சுண்டவைக்கத் தனி இயந்திரம் வேண்டும், அது கூழ் பிழியும் இயந்திரத்தைவிடப் பெரிய முதலீடு. மூன்றாவது, சம்பளம். அரசு நிர்வாகத்தொகை நின்ற நான்காம் வருடம் மேலாளரை எதை வைத்து வைத்துக்கொள்வது? சொந்த ஆலை என்ற கனவை நான் கைவிடவில்லை. முதல் படியாக அதை வைக்கக்கூடாது என்று மட்டும் இப்போது உறுதியாகச் சொல்கிறேன்.

அதே நிறுவனம் ஆலை இல்லாமலேயே செய்யக்கூடியது நிறைய. 300 பேரின் காயை ஒன்றாகக் காட்டி, சீசனுக்கு முன்பே எந்த நாளில் எத்தனை லாரி என்று ஆலையோடு எழுத்தில் பேசலாம். ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தனிச் சட்டம் 2019-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. ஒரு ஆளுக்கு 10 டன் காயோடு பேரம் பேச முடியாது என்றேனே, 3,000 டன்னோடு பேச முடியும். வரிசையில் நிற்கும் ஒன்றரை நாள் குறைந்தாலே எங்கள் கணக்கில் கிலோவுக்கு அரை ரூபாய் மிச்சமாகும். இதற்குக் கட்டடமும் வேண்டாம், கடனும் வேண்டாம். ஒரு போனும், கணக்கு எழுதத் தெரிந்த நேர்மையான ஒரு ஆளும் போதும்.

எங்கள் தோப்பில் என்ன செய்தோம்

2025 சீசன் முடிந்த கையோடு உட்கார்ந்து பேசினோம். 120 பெங்களூராவில் வயதான, சரியாகக் காய்க்காத 40 மரங்களைப் பிரித்தோம். அவற்றின் கிளைகளை வெட்டிவிட்டு, புதிதாகத் துளிர்க்கும் குச்சிகளில் இமாம் பசந்தும் செந்தூராவும் ஒட்டுக்கட்ட சந்தூரிலிருந்து ஆள் கூட்டி வந்தோம். மூன்றாம் வருடம் காய் பார்க்கலாம் என்றார். அந்த மரங்களின் அடியில் இப்போது வெயில் விழுகிறது. பக்கத்திலேயே இருக்கும் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் கொள்ளு ரகத்தை அங்கே விதைத்திருக்கிறோம். ஒரு பயிர் பொய்த்தாலும் மாட்டுக்குத் தீனி ஆகும்.

மீதி 80 மரம் குத்தகைக்குத்தான், ஆனால் பூவில் இல்லை. பிஞ்சு பட்டாணி அளவு பிடித்த பிறகு, ஒரே வருடத்துக்கு. பேச்சு முடிந்த அன்று பாதி, முதல் காய் பறிக்கும் முன் மீதி. குறித்த தேதிக்குள் மீதி வராவிட்டால் காய் எங்களுடையது, வேறு யாருக்கும் விற்கலாம். வேரில் மருந்து ஊற்றக்கூடாது. எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து.

வழக்கமாக வரும் வியாபாரி இந்த முறையும் தையிலேயே வந்தார். "என்னண்ணா, இத்தனை வருஷமா வாய் வார்த்தையிலதானே ஓடுச்சு" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா அவருக்கு டீ கொடுத்து, பங்குனியில் வாப்பா, பிஞ்சைப் பார்த்துட்டுப் பேசலாம் என்று அனுப்பி வைத்தார். பங்குனி இரண்டாம் வாரம் வந்தார். தொகையில் 4,000 ரூபாய் குறைத்துக் கேட்டார், அப்பா ஒத்துக்கொண்டார். தேதி போட்ட வரியை மட்டும் மாற்றவில்லை.