2,200 ரூபாய் செலவை 380-ல் முடித்த சிம்மக்கல் மிக்சி கடை

எங்கள் வீட்டு மிக்சிக்கு வயது 11. போன மாதம் சட்னி அரைக்கும்போது அடியில் பொறி பறந்து, கருகிய வாடையோடு நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் (எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்) திறந்துகூடப் பார்க்காமல் "மோட்டார் போச்சு மேடம், 2,200 ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். நானும் எக்ஸ்சேஞ்ச் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மாமியார்தான் விடவில்லை. பால் கவரைக் கழுவிச் சேர்த்து எடைக்குப் போடுகிறவர், ஆனால் அரிவாள்மனைக்குச் சாணை பிடிக்க வருகிறவரிடம் பேரம் பேச மாட்டார். அவர் சொன்ன கடை இது.

மதுரை சிம்மக்கல்லில் இருந்து யானைக்கல் போகிற பக்கம் ஒரு சந்துக்குள், போர்டில் எழுத்தே அழிந்துபோன ஆறடி அகலக் கடை. கடைக்கார அண்ணன் நாலு ஸ்குரூவைக் கழற்றி, உள்ளேயிருந்து இரண்டு கரித்துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கார்பன் பிரஷ்ஷாம். பக்கத்தில் புதியதை வைத்தபோதுதான் தெரிந்தது, அது சுண்டுவிரல் நுனி அளவு, என்னுடையது உளுந்தம்பருப்பு கனம். சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுப்பதே இதுதான், உரசி உரசித் தேயும், "தேயுறதுக்குன்னே வச்சதுக்கா, செருப்பு மாதிரி" என்றார். மோட்டாருக்கு ஒன்றுமில்லை.

கப்ளரும், அதாவது மோட்டார் சுற்றுவதை ஜாருக்குக் கடத்துகிற பல் சக்கரமும், மாற்ற வேண்டியிருந்தது. போன வருஷம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிளாட்பாரத்தில் வாங்கிப் போட்டது, பல்லெல்லாம் மழுங்கிவிட்டது. வீட்டுக்காரர் அதைச் சிக்கனம் என்றார், மாமியார் பிசினாறித்தனம் என்றார். பிரஷ், கப்ளர், பெரிய ஜாருக்குப் புஷ் (அடியில் பிளேடு தண்டைத் தாங்குகிற வளையம்), கூலி எல்லாம் சேர்த்து 380. கழற்றிய சாமான்களையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார்.

சட்னி ஜாரையும் நீட்டினேன், அது அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்துவிட்டு, புஷ் உட்காருகிற இடமே விரிசல், "இதுக்குக் காசு போடாதீங்கக்கா, மூணு மாசத்துல திரும்ப ஒழுகும், ஜாரையே புதுசா வாங்கிக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஜார் அவர் கடையில் கிடையாது.

அப்புறம் ஒரு விஷயம், ஓடுகிற மிக்சி பொறியோ வாடையோ இல்லாமல் சட்டென்று நின்றால், கொஞ்சம் ஆறவிட்டு அடியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஓவர்லோடில் அது தானாக வெளியே வந்துவிடும், இதற்காகவே பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்களாம்.

குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் வாங்க என்றால் மறுநாள் சாயங்காலம் என்று அர்த்தம், நான் இரண்டு தடவை அலைந்தேன். பில் கிடையாது, வாரண்டி வாய்வார்த்தைதான். வண்டி நிறுத்த இடமே இல்லை, பஸ்ஸில் போவது நல்லது. ஞாயிறு லீவு.