எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கருக்கு ஆம்ப்: 15 ஓம் கணக்கும் நீண்ட நாள் பயன்பாடும்

எல்எஸ்3/5ஏ, பிபிசி 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த சின்ன மானிட்டர், அதாவது ஒலியைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர். உயரம் 30 செ.மீ., அகலம் 19, ஆழம் 16. ரோஜர்ஸ், ஸ்பென்டார், ஹார்பெத் எனப் பல நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. பழைய ஜோடிகளில் பெயர்ப்பலகை எதுவானாலும் உள்ளே கேஈஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் (தாழ் ஒலிக்கு) டி27 ட்வீட்டரும்தான் (உயர் ஒலிக்கு). மனிதக் குரலை இவ்வளவு இயல்பாகச் சொல்லும் பெட்டி இந்த அளவில் அபூர்வம். ஆனால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) தப்பாக அமைந்தால் அந்தக் குரல் வெளியே வராது. "25 வாட்ஸ்தானே தாங்கும்" என்று 20 வாட்ஸ் ஆம்பில் மாட்டிவிட்டு, சத்தம் போதவில்லை, கரகரக்கிறது என்று ஸ்பீக்கரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது ஏசி மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஓமில் சொல்லப்படும். பழைய வடிவம் 15 ஓம். 1980களின் பிற்பகுதியில் வந்தது 11 ஓம். எது என்று பின்பக்க லேபிளில் பாருங்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டும் தெரியும், லேபிளில் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப் கொடுப்பது வோல்டேஜ். ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்துத்தான் அது வாட்ஸாக மாறும். 8 ஓமில் 50 வாட்ஸ் என்றால் 20 வோல்ட். அதே 20 வோல்ட் 15 ஓமில் 27 வாட்ஸ்தான் (20×20÷15). 20 வாட்ஸ் ஆம்ப் என்றால் 12.6 வோல்ட், 15 ஓமில் 11 வாட்ஸுக்கும் குறைவு. இந்த ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியோ (குறிப்பிட்ட வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 2.83 வோல்ட்டுக்கு 1 மீட்டரில் சுமார் 82.5 டெசிபல், மிகக் குறைவு. 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 20 வாட்ஸ் ஆம்ப் ஒரு ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய 89 டெசிபலோடு நின்றுவிடும். 50 வாட்ஸ் ஆம்ப் 93 வரை போகும். வித்தியாசம் 4 டெசிபல்தான். ஆனால் மிருதங்கத்தின் அடியும் பியானோவின் உச்சமும் விழுவது சரியாக அந்த இடத்தில்தான். அங்கே ஆம்ப் கிளிப் ஆகும்போதுதான் (தன் எல்லையை எட்டி அலையின் உச்சியை வெட்டும்போதுதான்) கரகரப்பு வருகிறது. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் கிளிப்பிங்கில் உண்டாகும் உயர் அதிர்வெண் முழுவதும் டி27-இன் மெல்லிய காயிலில் இறங்கும். ட்வீட்டர் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே 15 ஓம் ஜோடிக்கு 8 ஓமில் 40 முதல் 80 வாட்ஸ் வரையுள்ள ஆம்ப் சரி. 25 வாட்ஸ் என்ற வரம்பை வோல்ட்டாக மாற்றினால் 19.4 வருகிறது, 50 வாட்ஸ் ஆம்ப் அங்கேயே வந்து நிற்பதால் பொருத்தமான அளவு அதுதான். 2 ஓம் வரை இறங்கினாலும் அசராது என்று பெருமை பேசும் கனத்த ஆம்புக்கு இங்கே வேலையே இல்லை. இந்த ஸ்பீக்கர் அவ்வளவு கரண்ட் கேட்பதில்லை, அந்தப் பணம் வீண்.

எந்த அளவில் கேட்கிறோம் என்பதை அளந்தே பார்க்கலாம். டிரான்சிஸ்டர் ஆம்பாக இருந்தால், வழக்கமாக அதிகபட்சம் வைக்கும் இடத்தில் வால்யூமை நிறுத்துங்கள். ஆம்பை அணைத்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஆம்பை மட்டும் மீண்டும் ஆன் செய்யுங்கள். -12 டெசிபலில் (உச்ச அளவைவிட 12 டெசிபல் குறைவாக) பதிவான 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் அளந்து நான்கால் பெருக்குங்கள். 3 வோல்ட் காட்டினால் உச்சத்தில் தேவைப்படுவது 12. 50 வாட்ஸ் ஆம்ப் தாராளம். 5-ஐத் தாண்டினால் ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்தே எல்லைக்கு வந்துவிட்டன என்று பொருள். அப்போது நாற்காலியை முன்னால் இழுத்துப்போடுவதே நல்லது.

வால்வு ஆம்பில் இந்தச் சோதனை கூடவே கூடாது. லோடு (ஸ்பீக்கர் இணைப்பு) இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அங்கே கணக்கும் வேறு: 16 ஓம் டேப்பில் (டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 16 ஓம் இணைப்பு முனையில்) மாட்டினால் ஆம்பின் முழு வாட்ஸும் கிடைக்கும். அதனால்தான் இஎல்84 வால்வுகள் ஜோடியாக இயங்கும் (புஷ்-புல்) 15 வாட்ஸ் ஆம்ப் இந்த ஜோடியோடு இவ்வளவு நன்றாகப் பாடுகிறது. 8 ஓம் டேப்பில் போட்டால் பவர் ஏறக்குறைய பாதியாகும், பேஸில் பிடிப்பு கூடும். 11 ஓம் ஜோடிக்கு இரண்டு டேப்பையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டு முடிவு செய்யலாம்.

ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் பிழை திருத்தும் சுற்று) இல்லாத சிங்கிள்-எண்டட் வால்வு ஆம்பில் கவனம் தேவை. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 10 ஓம் காட்டும் இடத்தில் 2.3 டெசிபல் குறையும். வூஃபரின் ரெசனன்ஸில் (அது இயல்பாக அதிரும் அதிர்வெண்ணில்) 60 ஓமுக்கு ஏறும் இடத்தில் 0.4 மட்டுமே குறையும். ஏற்கெனவே மேல் பேஸில் சற்றுப் புடைத்த வடிவமைப்பு இது. இன்னும் கிட்டத்தட்ட 2 டெசிபல் சேர்ந்தால் ஆண் குரல் மார்புக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்துவிடும். சிலருக்கு அது பிடிக்கும்; பிபிசி விரும்பிய ஒலி அது இல்லை.

வயருக்குச் செலவு செய்ய வேண்டாம். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் 3 மீட்டர் ஓடினால் போக வர 0.07 ஓம். 15 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

நாள்பட்ட பயன்பாட்டில் இந்த ஸ்பீக்கரைக் கெடுப்பது வாட்ஸைவிட பேஸ் குமிழ். மூடிய சிறு பெட்டி, ஐந்து அங்குல வூஃபர். அடிமட்ட பேஸ் இதில் கிடையாது. குமிழைத் திருகி 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியில் நான்கு மடங்கு பவர் போகும். கோன் எல்லை தாண்டி "டக்" என்று அடித்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள். பேஸை உயர்த்தும் லவுட்னஸ் பட்டனும் அணைந்தே இருக்கட்டும். ஸ்டாண்ட் 60–65 செ.மீ., பின்சுவரிலிருந்து அரை மீட்டர், ட்வீட்டர் காது மட்டத்தில். கிரில் துணியைக் கழற்றாதீர்கள், அதோடு சேர்த்துத்தான் ஒலி சரிசெய்யப்பட்டது.

பழைய ஜோடியில் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக ஒலித்தால் ஆம்பை மாற்றுவதற்கு முன் இடது வலது வயர்களை ஆம்ப் பக்கம் மாற்றிப் போடுங்கள். மங்கல் அதே ஸ்பீக்கரோடு இருந்தால் கோளாறு ஸ்பீக்கரில்தான்: கிராஸ்ஓவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் சுற்றில்) உள்ள கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கலாம், அல்லது ட்வீட்டர். கெப்பாசிட்டர் மாற்றினால் இரண்டு பெட்டிக்கும் சேர்த்து, ஒரே மதிப்பில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடிப் பொருத்தம் போய்விடும்.