ராமநாதபுரம் பஸ்ஸில் ஆங்கி: டிகிரி முழுக்கப் பயன்படுத்திய அனுபவம்

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர், வரையறை, வரிசை இவற்றை மறக்காமல் வைத்திருக்க ஆங்கி என்ற கேள்வி-பதில் கார்டு செயலியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பத்து மார்க் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுத அது சொல்லித்தராது. பி.எஸ்சி. விலங்கியல் முதல் செமஸ்டரில் போனில் ஏற்றியது, எம்.எஸ்சி.க்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஊர் தங்கச்சிமடம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. காலேஜ் ராமநாதபுரத்தில். பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி என்று எல்லா ஸ்டாப்பிலும் ஆள் ஏற்றிக்கொண்டு பஸ் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரவும் அதே பாடு. நின்றுகொண்டு புத்தகத்தை விரிக்க வழியில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன் என்றால் கார்டு பார்க்கலாம். நான் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு: கார்டின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். பதிலை மனசுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்த்து, எவ்வளவு தூரம் நினைவில் இருந்தது என்பதற்கு நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். நன்றாகத் தெரிந்த கார்டு ஒரு வாரம், ஒரு மாதம் என்று தள்ளிப்போகும். தெரியாதது கடன்காரன் மாதிரி மறுநாளே வாசலில் நிற்கும். ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கம்ப்யூட்டரோடு சேர்த்துக்கொள்ளும்போது மட்டும் நெட் வேண்டும்.

இதன் அடிப்படை பழையது. மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்று ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து 1885-இல் வெளியிட்டார். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எக்ஸாம் ஹால் வாசலில் ஜெராக்ஸைப் புரட்டுகிறவன் உள்ளே போகும்போது ஏன் தெம்பாக இருக்கிறான், அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தைக் கேட்டால் ஏன் முழிக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. டேமியன் எல்ம்ஸ் ஆங்கியை வெளியிட்டதும் அதே 2006-இல்தான்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. கேள்வியைத் தமிழில் எழுதி, பதிலைப் பரீட்சையில் எழுதப்போகும் ஆங்கிலத்திலேயே வைக்கலாம். என் முதல் வருடக் கார்டுகள் முக்கால்வாசி அப்படித்தான். பொருள் நமக்குத் தெரிந்ததுதான், எழுத வேண்டிய பெயர்தான் புதுசு. அம்மா ஆய்கிற நீலக்கால் நண்டு பரீட்சையில் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ். சங்கு, டர்பினெல்லா பைரம். கடற்பசு, டூகாங் டூகான். கடல் அட்டையில் ஒரு வகையான வெள்ளை அட்டை, ஹோலோதூரியா ஸ்காப்ரா.

தடைக்காலத்தில் இந்தக் கார்டுகளுக்குத் துணைக்கு ஆளும் கிடைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்கள் செமஸ்டர் எக்ஸாமும் அதற்குள்தான் வரும். அப்பா வலைக்கு மால் போட்டுக்கொண்டே என் போனைப் பிடுங்கிக் கேள்வி கேட்பார். "அட்டைக்கு இம்புட்டு நீளப் பேரா?" என்று சிரிப்பார். கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது எந்த வருடம் என்ற கார்டு வந்தபோது, நான் யோசிப்பதற்குள் "ரெண்டாயிரத்து ஒண்ணு" என்று அவரே சொல்லிவிட்டார். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது என்பது எனக்குப் பாடம். அவருக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம், கார்டு தேவைப்படவில்லை.

கார்டு எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நட்சத்திர மீனின் நீர்க்குழல் மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "நீர்க்குழல் மண்டலத்தை விவரி" என்று ஒரே கார்டாகப் போட்டால் அது உருப்படாது. பாதி தெரியும், பாதி தெரியாது, எந்தப் பொத்தானை அழுத்துவது? துண்டு துண்டாக வெட்ட வேண்டும். தண்ணீர் உள்ளே வருவது எதன் வழியாக? மேட்ரிபோரைட். அதற்கு அடுத்து? கல் கால்வாய். அடுத்து வளையக் கால்வாய், அதிலிருந்து ஐந்து ஆரக் கால்வாய், பக்கக் கால்வாய், கடைசியில் குழல் கால்கள். குழல் காலை நீட்டுவதற்கு அழுத்தம் கொடுப்பது எது? ஆம்புல்லா. ஒரு கார்டுக்கு ஐந்து விநாடிக்கு மேல் யோசிக்கக் கூடாது என்பது என் கணக்கு. படத்தின் பாகங்களுக்கு, பெயரை மட்டும் மறைத்துக் கேட்கும் வசதி 2023-இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. அதற்காகப் படம் போட்டுப் பழகாமல் இருந்துவிடாதீர்கள். எக்ஸாமில் பென்சில்தான் பேசும்.

இனி குறைகள். மேலே சொன்ன அத்தனை கார்டுக்கும் டக் டக்கென்று பதில் சொல்கிறவன், பத்து மார்க்குக்குப் பேனாவை எடுத்தால் ஆறு வரியில் நின்றுவிடுவான். துண்டுகள் கையில் இருக்கும், கோர்வை இருக்காது. எங்களுக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் 75. அந்த 75-இல் கனமானது இந்த நீளக் கேள்விகள்தான். இதற்குச் செயலியில் மருந்து இல்லை. வெள்ளைத்தாளை எடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு, கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு விட்டதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கேள்வியாவது அப்படி எழுதினால் போதும்.

இரண்டாவது, நிலுவை. ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று நாலு நாள் திறக்காமல் விட்டால் கார்டுகள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும். பலர் செயலியை அழிப்பது அந்த நாளில்தான். நாளுக்கு 20 புதுக் கார்டு என்று அதுவாகவே வைத்திருக்கும். அதை எட்டாகக் குறைத்துவிடுங்கள். இன்றைய புதுக் கார்டு அத்தனையும் நாளைக்கும் அடுத்த வாரத்துக்கும் வேலை வைக்கும் என்பது ஆரம்பத்தில் யாருக்கும் உறைப்பதில்லை.

மூன்றாவது, பிறர் போட்ட டெக்குகள், அதாவது கார்டுத் தொகுப்புகள். எங்கள் தெருத் தம்பி ஒருவன் முதல் வருடம் சேர்ந்ததும் வந்து நின்றான்.

"அண்ணே, உங்க கார்டெல்லாம் எனக்கு அனுப்பிவிடுங்கண்ணே. அதைப் பார்த்தா பாஸாயிரலாம்ல?"

"அனுப்புறேன்டா. ஆனா முதல் யூனிட்டுக்கு மட்டும் நீயே எழுதிப் பாரு."

அவன் எழுதிய முதல் யூனிட் இன்றும் அவனுக்கு நினைவிருக்கிறது. நான் அனுப்பியதில் பாதி அவனுக்குப் புரியவே இல்லை. நத்தை இனத்தில் டார்ஷன் எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் என்று ஒரு கார்டு. 180, இடஞ்சுழி என்று ஒப்பித்தான். எதுடா சுழலுகிறது என்றால் பதில் இல்லை. உள்ளுறுப்புத் தொகுதி திரும்பி, பின்னால் இருந்த மலவாய் தலைப்பக்கம் வருகிறது என்பதைப் புத்தகத்தில் பார்த்துப் புரிந்துகொண்டவனுக்குத்தான் அந்தக் கார்டு. வகுப்பில் நோட்ஸ் எடுக்கும்போதே தாளின் இடது ஓரத்தில் மூன்று விரல் அகலம் விட்டு, அன்று இரவே அதில் கேள்விகளை எழுதிவிட்டால் கார்டுக்குப் பாதி வேலை முடிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் 1950-களில் பரப்பிய முறை இது. எட்டணா செலவில்லை.

ஐஐடிகள் நடத்தும் இணையவழி வீடியோ பாடங்களான என்பிடெல் பற்றியும் கேட்கிறார்கள். வீடியோ பார்க்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பாடம் புரியாத இடத்தில் அதைப் பார்க்கலாம், கார்டு அதற்கு அப்புறம்.

வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா கடலுக்கோ கரைக்கோ எடுத்துப்போய்விடுவார் என்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்களுக்குச் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன பெட்டி முறை போதும். சார்ட் பேப்பரைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டி, காலி ஸ்வீட் பாக்ஸில் அட்டை வைத்து ஐந்து அறை தடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறை தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது நாலு நாளுக்கு, நாலாவது வாரத்துக்கு, ஐந்தாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று பார்க்கலாம். சரியாகச் சொன்ன கார்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். தாளைக் கொஞ்சம் தடிமனாக வாங்குங்கள், எங்கள் பக்கத்து ஈரக்காற்றுக்கு மெலிசுத் தாள் ஒரு செமஸ்டர் தாங்காது.