டிரைவ் பேனலுக்கு வெள்ளை பேஸ்ட் போதும், லேப்டாப்புக்குப் போதாது

வாளையாறு தாண்டி கோழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தென்னந்தோப்புகளில் போர்வெல் மோட்டாரை டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வைத்து ஓட்டுபவர்கள் அதிகம். பாலக்காட்டு வெயிலில் டிரைவ் 'ஓவர் டெம்பரேச்சர்' காட்டி நின்றால், முதலில் ஹீட் சிங்க் பேஸ்ட் மீதுதான் பழி விழுகிறது. சூடாகும் பாகத்துக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டையான ஹீட் சிங்குக்கும் நடுவே பூசுவது இது.

டப்பாவில் வரும் வெள்ளை பேஸ்ட், சிலிகான் எண்ணெயில் ஜிங்க் ஆக்சைடு கலந்தது. வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீட்டர்-கெல்வின் கணக்கில்) 0.7 முதல் 0.9 வரை. கம்ப்யூட்டருக்கென சிரிஞ்சில் வரும் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்டுக்கு 8.5 என்கிறார்கள். பத்து மடங்கு என்றதும் கை சிரிஞ்சுக்குத்தான் போகும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. டிரைவுக்குள் மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் பாகமான ஐஜிபிடி மாட்யூல் பெரியதாக இருந்தால், அதன் அடித்தட்டு சுமார் 65 சதுர செ.மீ. 200 வாட் சூடு இறங்கினால், 0.1 மி.மீ. பூச்சில் வெள்ளை பேஸ்டுக்கு ஏறக்குறைய 4 டிகிரி கூடும். எம்எக்ஸ்-4க்கு அரை டிகிரிக்கும் கீழே. மிச்சம் மூன்றரை டிகிரிதான். அதே வெள்ளையை 0.3 மி.மீ. அப்பினால் 12 டிகிரி ஆகிவிடும்!

லேப்டாப் சிப் சுமார் ஒன்றரை சதுர செ.மீ.தான். அங்கே 45 வாட்டுக்கு, 0.05 மி.மீ. பூச்சிலேயே வெள்ளை 19 டிகிரி தின்றுவிடும், எம்எக்ஸ்-4 இரண்டுக்குள் முடித்துவிடும். காசு போட வேண்டிய இடம் அதுதான்.

மாட்யூலுக்கு ஒன்றரை கிராம் போதும். பழைய பேஸ்ட் சுண்ணாம்புப் பொடி போலக் காய்ந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பழைய ஏடிஎம் கார்டால் ஒரே சீராக இழுக்கவும். ஒரு ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் எதிர்மூலை தூக்கிக்கொள்ளும். எதிரெதிராக, முதலில் லேசாக, பிறகு முழுசாக. முதல் தடவை சூடேறியதும் பேஸ்ட் இளகி ஓரத்துக்கு ஒதுங்கும். ஆறியபின் சப்ளையை நிறுத்தி, டிரைவுக்குள் இருக்கும் சார்ஜ் இறங்கியபின் இன்னொரு முறை இறுக்கவும். சந்தேகம் இருந்தால் கழற்றிப் பாருங்கள்: நடுவில் தடிப்பு, ஓரத்தில் வெறுமை என்றால் தட்டு வளைந்திருக்கிறது, எந்த பேஸ்டும் அதைச் சரிசெய்யாது.

பேஸ்டுக்குப் பதிலாகப் பூசும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) பக்கமே போக வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினிய ஹீட் சிங்கை அரிக்கும், மின்சாரமும் கடத்தும். ரப்பர் மாதிரி மெத்தென்ற சிலிகான் பேட், மி.மீ. கணக்கில் இடைவெளி உள்ள இடத்துக்கு மட்டும்.

வெள்ளை டப்பாவை வெயில் படும் ஷெட்டில் வைத்தால் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். அடிவரை கலக்கிவிட்டு எடுக்கவும்.