மூன்று வருடமாக இல்மனைட்டோடு: ஆய்வகத்திலிருந்து ஒரு அனுபவம்

இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் கலந்த ஆக்சைடுக் கனிமம். எரிபொருளுக்கு ஆக்சிஜனைச் சுமந்து கொடுக்கும் துகளாக அதை ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. முதல் நாள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு இல்மனைட்டை ஒதுக்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஒதுக்கப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எரிபொருளைக் காற்றில் எரித்தால் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன். அதற்குள்ளிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்க ஆற்றலும் செலவும் அதிகம். கெமிக்கல் லூப்பிங் முறையில் காற்றை எரிபொருள் பக்கமே விடுவதில்லை. உலோக ஆக்சைடுத் துகள்கள் ஒரு கலனில் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, அடுத்த கலனில் எரிபொருளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். எரிபொருள் கலனிலிருந்து வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். ஆறவைத்தால் நீர் தனியே இறங்கிவிடும். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2003-இல் 10 கிலோவாட் கலனை 100 மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள். அது நிக்கல் ஆக்சைடில் ஓடியது. நிக்கல் நன்றாக எரிக்கும். ஆனால் விலை அதிகம், அதன் தூசி புற்றுநோய் தரும். நிலக்கரியை எரித்தால் துகளும் சாம்பலோடு கலந்து வெளியேறும்; அந்த வேலைக்கு நிக்கலை யார் கொட்டுவார்கள்? அங்கேதான் இல்மனைட் போன்ற மலிவான கனிமம் வருகிறது.

என் கருவி சின்னது. குவார்ட்ஸ் குழாய், நடுவில் துளைத்தட்டு, அதன் மேல் 15 கிராம் துகள், 125 முதல் 180 மைக்ரான் வரை சலித்தது. வெப்பம் 950 டிகிரி. நார்வேயின் டெல்னெஸ் பாறை இல்மனைட்டைப் போட்டு மீத்தேனை விட்டேன். பெரும்பகுதி எரியாமலே வெளியே வந்தது. மனசு விட்டுப்போயிற்று.

ஆனால் அதே குழாயில் எரிபொருளையும் காற்றையும் மாற்றி மாற்றி விட்டு, விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். சுற்றுக்குச் சுற்று எரிப்பு கூடியது. துகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் கண்ணில் பட்டது: இரும்பு உள்ளிருந்து நகர்ந்து மேற்பரப்பில் ஓடுபோலப் படிந்திருந்தது, உள்ளே நுண்துளைகள் பெருகியிருந்தன. துளை வழியாக வாயு உள்ளே போகிறது, வேலை வேகமாகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. இரும்பு டைட்டானியத்தை விட்டுப் பிரியப் பிரிய, துகள் சுமக்கும் பயனுள்ள ஆக்சிஜன் குறைகிறது. அதனால் புதுத் துகளின் எண்களை வைத்து யாராவது முடிவு சொன்னால் நான் நம்புவதில்லை. மீத்தேனில் அது இன்றும் சுமார்தான். நிலக்கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் என்றால் நன்றாகவே எரிக்கிறது.

ஒருமுறை எரிபொருள் நேரத்தை நீட்டிவிட்டேன். துகள்கள் வாயுவில் குதித்துக்கொண்டிருக்கும் வரை அழுத்தமானியில் துள்ளும் கோடு நேராகிவிட்டது. துகள்கள் கட்டி தட்டிவிட்டன. குழாயை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. ஆக்சிஜனை ஒட்ட உறிஞ்சாமல் கொஞ்சம் மிச்சம் வைப்பதே இதற்கு மருந்து.

மாங்கனீசுத் தாதுவையும் ஓட்டினேன். எரிப்பில் இல்மனைட்டை மிஞ்சியது, ஆனால் வடிகட்டியில் தூசி குவிந்தது. செப்பு ஆக்சைடு ஆக்சிஜனை வாயுவாகவே விடும், அழகான குணம். இருந்தும் ஆக்சிஜனைக் கொடுத்தபின் மிஞ்சும் செம்பு 1085 டிகிரியில் உருகிவிடும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்திலும் பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

மரத்தூளை எரிக்கும்போது இல்மனைட் மீது எனக்கு மரியாதையே வந்துவிட்டது. மரச்சாம்பலின் பொட்டாசியம், வழக்கமான கொதிகலனில் போடும் சாதாரண மணலோடு சேர்ந்து கண்ணாடிபோல் ஒட்டும். இல்மனைட் அந்தப் பொட்டாசியத்தை டைட்டனேட்டாக, அதாவது டைட்டானியத்தோடு சேர்ந்த சேர்மமாக, தனக்குள் வாங்கிக்கொள்கிறது. பயன்படுத்திய துகள் காந்தத்தில் ஒட்டுவதால் சாம்பலிலிருந்து பிரித்துத் திரும்பப் போடவும் முடிகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலும் இதே இல்மனைட்தானே என்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம். ஆனால் அது காலங்காலமாகச் சிதைந்து இரும்பை இழந்த மணல்; டைட்டானியம் கூடுதல். நிறமி செய்பவர்களுக்கு அது வரம். எங்களுக்கு ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு. அலை உருட்டிய அந்த உருண்டை மணி, உடைத்த பாறையைவிடக் குறைவாகத் தேயுமா என்பதைத்தான் அடுத்து ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.