22 மி.மீ. அகலப்பாதை: கையால் கட்டிய பாயின்டுகள், சில மழைக்காலங்களுக்குப் பிறகு

நம் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1676 மி.மீ. நிஜத்தின் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற மாதிரி ரயில் அளவில் அது 22 மி.மீ. ஆகிறது. கடையில் கிடைக்கும் ஓஓ (இதே அளவிலான மாதிரி ரயில் வகை) தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். பேசின் பிரிட்ஜில் பின்னிக் கிடக்கும் பாதைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதன்மேல் நிற்கும் நம் ஊர் டீசல் இன்ஜின் பொருந்தவே பொருந்தாது. அதனால் ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடங்களான பாயின்டுகளை நானே கட்டினேன். நிக்கல் சில்வர் தண்டவாளம், செப்புப் பூச்சுள்ள பிசிபி (மின்னணுச் சுற்றுப்) பலகையில் வெட்டிய ஸ்லீப்பர்கள், ஈயப்பற்று, அவ்வளவுதான் பொருள்கள்.

இரு தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடமான கிராசிங் 1-க்கு 8.5. 85 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. விரியும் கோணத்தைப் பலகையில் கீறிக்கொண்டு, இரண்டு தண்டவாள முனைகளை அரத்தால் சீவிச் சேர்த்தால் கூர்முனை கிடைத்துவிடும். பொறுமை இருந்தால் போதும்.

உண்மையான சோதனை மின் இணைப்பில் இருக்கிறது. டங் ரெயில் (பாயின்டில் இங்குமங்கும் நகரும் கூரான தண்டவாளம்) பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுவதாலேயே மின்சாரம் கிடைக்கட்டும் என்று விடுவது பலரின் வழக்கம். சென்னையின் கடற்காற்றுக்கு அது சரிவராது. தொடும் இடம் கறுத்துப்போய், மெதுவாக ஊரும் இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். என்னுடையவற்றில் ஒவ்வொரு டங் ரெயிலுக்கும் அதையடுத்த தண்டவாளத்திலிருந்து நிரந்தரக் கம்பி போகிறது. இதனால் திறந்திருக்கும் டங் ரெயிலின் முதுகில் சக்கரம் உரசினாலும் ஷார்ட் ஆவதில்லை. கிராசிங்கை இரு புறமும் வெட்டித் தனியாக்கி, அதன் கம்பியைப் பாயின்டைத் திருப்பும் சுவிட்சின் நடுமுனையில் கொடுத்திருக்கிறேன். பாயின்ட் திரும்பும்போது கிராசிங்கின் துருவமும் கூடவே மாறிவிடும்.

இரு தண்டவாளங்களும் ஷார்ட் ஆகாமலிருக்க ஸ்லீப்பர்களின் செப்பில் வெட்டும் பிளவுகளில் கண்ணுக்குத் தெரியாத செப்பு இழை ஒன்று தங்கினாலும் போச்சு. ஒவ்வொரு ஸ்லீப்பர் முடிந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் தேடுவது பெரும் துன்பம். பற்றவைத்த அன்றே, ஈயம் ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸைத் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவுவதும் அப்படித்தான். சரியாகக் கழுவாத இணைப்புகளில் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் பச்சை பூத்துவிடுகிறது.

இந்த முறையின் மெய்யான பலவீனம் ஒன்று உண்டு. இரு டங் ரெயில்களையும் சேர்த்து நகர்த்தும் குறுக்குப் பட்டையில் அவற்றை ஈயம் வைத்து இறுக்கினால், திரும்பத் திரும்ப அசைந்து அந்த இணைப்பு விட்டுப்போகிறது. பட்டையில் துளையிட்டு, டங் ரெயிலில் பற்றவைத்த பித்தளை ஊசி அதில் தளர்வாகத் திரும்பும்படி மாற்றியபின் தொல்லை இல்லை.

திருப்புவதற்குச் சிறிய செர்வோ மோட்டார்களும் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் வந்தவுடன் ஓர் உதறல், பிறகு ஓயாத முனகல். ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண ஸ்லைடு சுவிட்சே மேல் என்பது என் முடிவு. எஃகுக் கம்பியால் இணைத்துவிட்டால் டங் ரெயிலைத் தள்ளுவது, பிடித்து நிறுத்துவது, கிராசிங்கின் துருவத்தை மாற்றுவது என மூன்று வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. அவ்வப்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடைக்கிறேன். வேறு பராமரிப்பு எதுவும் தேவைப்படவில்லை.