அம்பாஸிடர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய பெட்ரோல் அம்பாஸிடர், அதாவது 1489 சிசி இன்ஜின் வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோவையில் ஒரு பட்டறை. பெயர் போடவில்லை. அங்கே நடந்தது வேறு ஊரிலும் நடக்கும்.

எங்களுடையது அப்பா காலத்து மார்க் 4. ஸ்பீடில் லேசாக மிஸ்ஸிங் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டை மாற்றி, அதன் இடைவெளியை (கேப்) சரியாக வைத்தால் தீர்ந்துவிடும் என்றுதான் விட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். அந்த வேலைக்கு அதைக் கழற்றவே வேண்டாம். அதன் மூடியையும் உள்ளே சுற்றும் ரோட்டாரையும் எடுத்துவிட்டு, பாயிண்டை மாற்றி, பீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைத்தால் முடிந்தது. சாயங்காலம் போன் வந்தது. “சார், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டிப் பாத்தேன். டைமிங் போயிடுச்சு. வால்வும் போயிருக்கு. ஹெட் இறக்கணும்.”

காலையில் தானாக ஓடிப் போன வண்டி. நேரில் போய்ப் பார்த்தால், செல்ஃப் அடித்தால் கார்புரேட்டர் வழியாக ‘டப் டப்’ என்று வெடிக்கிறது. “கேட்டீங்களா, இதுதான் வால்வு” என்றார். ஹெட் வேலை, கேஸ்கட், பழுதுபார்த்த டிஸ்ட்ரிபியூட்டர் என்று மொத்தம் 14,000 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. வண்டி ஓடியது, ஆனால் பிக்கப் இல்லை. மேடு ஏறினால் ஹீட் முள் மேலே போனது.

அப்புறம் பல வருடம் அம்பாஸிடர் மட்டுமே பார்த்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டைப் பிடித்திருக்கும், பிளக் பக்கத்து நட்டுகளை டார்ச் அடித்துக் காட்டினார். “தம்பி, இதை எவனும் தொடலை.” வருடக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு நட்டைச் சுற்றி அப்படியே கெட்டியாக இருந்தது. ஸ்பேனர் வாய் பட்ட பளபளப்பு ஒன்றில்கூட இல்லை.

நடந்தது இதுதான். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனை நடுவிலிருந்து ஒரு பக்கம் தள்ளி வெட்டப்பட்டிருக்கும். அதனால் கீழே இருக்கும் டிரைவில் ஒரே விதமாகத்தான் உட்காரும். கிளாம்ப் தட்டைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டை மட்டும் எடுத்துத் தூக்கினால், திரும்ப வைக்கும்போது டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், அப்படியே வரும். கிளாம்பைத் தளர்த்தினால்தான் மாறும். தளர்த்துவதாக இருந்தாலும் உடம்பிலும் பிளாக்கிலும் ஒரு கோடு கீறிக்கொண்டால் போதும். பட்டறைக்காரரோ தேவையே இல்லாமல், உள்ளே இருக்கும் டிரைவ் கியரையும் நீள போல்ட் போட்டு இழுத்திருக்கிறார். கிராங்க் புல்லியில் குறி வந்ததைப் பார்த்துத் திரும்பப் போட்டிருக்கிறார். புல்லிக் குறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் வரும், ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே இருப்பதோ இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான். அதைத் தெரிந்துகொள்ள நாலாம் சிலிண்டர் வால்வுகள் இரண்டும் சேர்ந்து ஆடும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காததால் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்றுத் தள்ளி நின்று ஸ்பார்க் தப்பான நேரத்தில் வந்தது, கார்புரேட்டர் வெடித்தது. வால்வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு மூடியில் பிளக் வயர்களை 1-3-4-2 வரிசை கெடாமல் இரண்டு இடம் தள்ளிச் செருகி ஓடவைத்துவிட்டார். அடுத்து யாராவது புத்தகப்படி வயர் மாட்டினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இப்படி வயர் தள்ளிப் போட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன என்று பெரியவர் சொன்னார்.

தவறாகப் போட்டது தெரியாத்தனம் என்றே வைத்துக்கொள்வோம். டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றியதற்கு என்ன பெயர் வைப்பது? என் போனில் இருந்த பழைய படத்தில் அதன் உடம்பில் அடித்த எண் தெளிவாகத் தெரிகிறது. இப்போது வண்டியில் இருந்தது வேறு எண். ‘பழுதுபார்த்தது’ என்று கொடுத்ததில் ஷாஃப்டை விரலால் ஆட்டினால் ஆடுகிறது. அப்படி ஆடினால் எந்த பாயிண்ட் கேப்பும் நிற்காது. ரோட்டாரைச் சுற்றும் திசையில், இந்த இன்ஜினில் இடஞ்சுழியாக, கொஞ்சம் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு வர வேண்டும். இது வரவில்லை, உள்ளே எடைகள் துரு பிடித்து இறுகிவிட்டன. ஸ்பீடு ஏறினாலும் அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் முன்கூட்டியே வருவது, ஏறாது. பிக்கப் செத்ததும் இன்ஜின் சூடானதும் அதனால்தான். வேக்குவம் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினால் பாயிண்ட் இருக்கும் தட்டு நகர வேண்டும். அதுவும் இல்லை, அதை இழுக்கும் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருந்தது.

அந்தப் பட்டறைக்கே கேட்கப் போனேன். “எல்லாம் ஒரே அயிட்டம்தான் சார், லூகாஸ்தானே?” என்றார். பழையது எங்கே என்றால் “ஸ்கிராப்ல போட்டாச்சு.” போட்டோவைக் காட்டியதும் கல்லாவை விட்டு எழுந்து போய்விட்டார். பணமும் வரவில்லை, பொருளும் வரவில்லை.

பெரியவர் டிரைவ் கியரைச் சரியாகத் திரும்பப் போட்டு, வயர்களை அதனதன் இடத்தில் மாட்டிக் கொடுத்தார். சென்னை புதுப்பேட்டையில் ஒரு நல்ல பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கிடைத்தது. மேலே சொன்ன மூன்றையும் கடை வாசலிலேயே செய்து பார்த்து வாங்கினேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்பவரிடம் வாங்காதீர்கள்.

எங்கள் வண்டியின் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் மூடியைப் பிடிக்கும் கிளிப் ஒன்றை அப்பா செம்புக் கம்பி சுற்றிச் சரிசெய்திருந்தார். அப்படி ஒன்று யாரிடமாவது விற்பனைக்கு வந்தால் தெரியப்படுத்துங்கள். படமும் எண்ணும் என்னிடம் இருக்கின்றன.